கிரகணம் காட்ட மூணு தடவ நிலா செஞ்ச கதை

போன செவ்வாக்கெழம சாயங்காலம் நாலே முக்கால் இருக்கும், எங்க பள்ளிக்கூடத்து மைதானத்துல ஒரு பந்தோட நிழலுக்குள்ள ஒரு களிமண் உருண்ட மெதுவா போய் மறைஞ்சு திரும்ப வெளிய வந்துச்சு. நடந்தது அவ்வளவுதான். ஆனா அதப் பாக்க மூணு மாசம் ஆச்சு, மாடல மூணு தடவ மாத்திச் செய்ய வேண்டி வந்துச்சு, அளவெல்லாம் மறக்குறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் டெல்டா பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் எடுக்குறேன்.

ஆரம்பிச்சது 2025 செப்டம்பர் 7 ராத்திரி. ஞாயித்துக்கெழம, ஆவணி பௌர்ணமி, முழு சந்திர கிரகணம். பத்து மணி வாக்குல ஓரத்துல கடிச்ச மாதிரி ஆரம்பிச்சு, பதினோரு மணிலேர்ந்து பன்னண்டே கால் தாண்டுற வரைக்கும் செம்புச் சொம்பு கலர்ல நின்னுச்சு. மறுநாள் திங்கக்கெழம ஏழாம் வகுப்புல பாதிப் பசங்க தூக்கக் கலக்கத்துல இருந்தாங்க, மீதிப் பேரு பாட்டி தண்ணிக்குடத்துல தர்ப்பை போட்டது, சாப்பிட விடாதது, கோயில் நடைய சாத்துனது எல்லாம் பேசிட்டு இருந்தாங்க. அப்ப ஒரு பொண்ணு எழுந்து, "டீச்சர், பௌர்ணமி மாசாமாசம் வருதுல்ல, அப்ப கிரகணம் ஏன் மாசாமாசம் வரல?"ன்னு கேட்டுச்சு.

நல்ல கேள்வி, எங்கிட்ட மாடலே இருக்கேன்னு பெருமையா பீரோவத் திறந்து, முந்தின வருஷம் கண்காட்சிக்குச் செஞ்சு ரெண்டாம் பரிசு வாங்குன மோட்டார் மாடல எடுத்து வச்சு சுவிட்சப் போட்டேன். நிலா சுத்துச்சு, பூமிக்குப் பின்னாடி போச்சு, இருட்டாச்சு, வெளிய வந்துச்சு. திரும்ப சுத்துச்சு, திரும்ப இருட்டாச்சு. அந்தப் பொண்ணு அமைதியா, "இதுல மாசாமாசம் வருதே டீச்சர்"ன்னுச்சு. வகுப்பே சிரிச்சுது, நானும் சிரிச்சு சமாளிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள சுருக்குனு இருந்துச்சு. ஒரு வருஷமா இதத்தான காட்டிட்டு இருந்தோம்னு.

சந்தேகத்துக்கு ஆளுக்கொரு துண்டுப் பேப்பர் கொடுத்து, "பிறை ஏன் வருது, படம் போடுங்க"ன்னு சொன்னேன். 34 பேர்ல 21 பேரு பூமியோட நிழல் நிலா மேல விழுறதா வரைஞ்சிருந்தாங்க. அது கிரகணத்துக்குத்தான் பொருந்தும், பிறைக்கு இல்ல. அதுல பல படம் என் மாடல அப்படியே பாத்து வரைஞ்ச மாதிரி இருந்துச்சு, பூமிக்கு அடியில இருக்குற பிளைவுட் பலகை வரைக்கும் போட்டிருந்தாங்க. நான் பாடத்துல நிழல்னு சொல்லவே இல்ல, மாடல் சொல்லிக் கொடுத்திருக்கு.

அந்த மொதல் மாடல் செஞ்ச கதையச் சொல்லிடுறேன், அதுலயும் கொஞ்சம் தப்பு இருக்கு. அடியில ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பிளைவுட். நடுவுல பூமி 10 செமீ தெர்மாகோல் உருண்டை, அதச் சுத்தி நிலா 5 செமீ உருண்டை, ரெண்டுக்கும் நடுவுல 20 செமீ, சைக்கிள் ஸ்போக்க வளைச்சுக் கை மாதிரி வச்சது. கீழ 12 வோல்ட் கியர் மோட்டார், நிமிஷத்துக்குப் பத்து சுத்து. பூமிக்கு நீலம் அடிக்கலாம்னு ஸ்ப்ரே பெயின்ட் வாங்கிட்டு வந்து அடிச்சேன், அடிக்க அடிக்க தெர்மாகோல் சுருங்கிக் குழி விழுந்து, பூமி அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆயிடுச்சு. அந்த ஸ்ப்ரேல இருக்குற கரைப்பான் தெர்மாகோலக் கரைச்சிடும்னு அப்பத்தான் தெரிஞ்சுது, ரெண்டாவது உருண்டைக்குப் போஸ்டர் கலர் அடிச்சேன். செலவு மோட்டார் 220, அடாப்டர் 150, பிளைவுட் 120, உருண்டைங்க 90, வீணாப் போன ஸ்ப்ரே 240, ஆக மொத்தம் 820 ரூபா. பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பூமியும் நிலாவும் பக்கத்துல பக்கத்துல, ஒரே மட்டத்துல, அதுக்கு நேரா பல்பு. அப்புறம் சுத்துக்கு ஒரு கிரகணம் வராம என்ன பண்ணும்.

சரி, மொதல்ல பிறைய சரி பண்ணிட்டு அப்புறம் கிரகணத்துக்குப் போவோம்னு முடிவு பண்ணேன். இருட்டு ரூம்ல ஒரே ஒரு பல்பு, ஆளுக்கொரு குச்சியில சின்னப் பந்து, நம்ம தலதான் பூமி, பந்தக் கையில நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நம்மளே சுத்தணும், பந்துல வெளிச்சம் படுற பாகம் பிறையா மாறுறத நம்ம கண்ணாலயே பாக்கலாம். ரொம்பப் பேரு செய்ற பழைய முறைதான்.

இதுல மொதல் தடுமாற்றம் பந்து. டேபிள் டென்னிஸ் பந்து வெள்ளையா உருண்டையா இருக்கே, வேற என்ன வேணும்னு ஆறு வாங்கினேன். பல்புக்கு முன்னாடி பிடிச்சா வெளிச்சம் உள்ள புகுந்து பந்து மொத்தமும் முட்டை மாதிரி மினுக்குது, இருட்டுப் பக்கமே இல்ல. கோடு தெரிஞ்சாத்தான பிறை. அப்புறம்தான் களிமண் ஞாபகம் வந்துச்சு, பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு ரெண்டு வாரம் வாக்குலதான் ஆகியிருந்துச்சு, பிள்ளையார் செய்ற எடத்துல மிச்சம் கிடந்த களிமண்ண ஒரு பையன் சைக்கிள் கேரியர்ல ஒரு மூட்டை கொண்டாந்துட்டான்.

களிமண் உருண்டைக்கு என் அனுபவத்துல ரெண்டு விஷயம். ஈரத்துல 3.5 செமீ உருட்டினா காஞ்சதும் 3.2க்கு வந்து நிக்குது, அதனால 3.8 உருட்டணும் (ஏன் 3.5ன்னு கீழ வருது). வெயில்ல வச்சா வெடிக்குது. மொத நாள் ஜன்னல் ஓரமா வெயில்ல வச்ச பதினாலுல ஒம்போது வெடிச்சுப் போச்சு. கொஞ்சம் ஆத்து மணல் கலந்து பிசைஞ்சு, நிழல்ல மூணு நாள் காய வச்சப்ப சரியா வந்துச்சு. ஈரமா இருக்கும்போதே மூங்கில் குச்சிய சொருகிடணும், ஈர்க்குச்சி தாங்காது, வளையுது, காஞ்ச உருண்டையே 40 கிராம் வருது. மேல சுண்ணாம்பு ரெண்டு பூச்சு. இதுல ஒரு சின்னப் பொய் இருக்கு, நிஜ நிலா ஒண்ணும் வெள்ளை இல்ல, மேல விழுற வெளிச்சத்துல நூத்துக்குப் பன்னண்டு பங்குதான் திருப்பி அனுப்புது, கிட்டத்தட்ட பழைய தார் ரோடு மாதிரி. சுத்தி ராத்திரி கறுப்பா இருக்குறதால நமக்கு வெள்ளையாத் தெரியுது. பசங்ககிட்ட இதச் சொன்னப்ப யாரும் நம்பல, பாட்டு பாடி சோறு ஊட்டுன நிலா தார் கலரான்னு ஒரே சண்டை.

ரெண்டாவது தடுமாற்றம் ரூமு. ஸ்டோர் ரூம் செவுரு வெள்ளையடிச்சது, பல்பு வெளிச்சம் செவுத்துல பட்டுத் திரும்பி வந்து இருட்டுப் பக்கத்தையும் வெளுப்பாக்கிடுது. பின்பக்கச் செவுத்துல எங்க அம்மாவோட பழைய கறுப்புச் சேலை ரெண்ட ஆணியடிச்சுத் தொங்கவிட்டேன், பல்ப பசங்க தலை உயரத்துக்கு, தரையிலேர்ந்து 130 செமீல கட்டுனேன், ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல விடல. 9 வாட்ஸ் எல்இடி போதுமா இருந்துச்சு.

மூணாவது என் வாயி. "அப்படியே சுத்துங்க"ன்னு மட்டும் சொன்னேன், பாதிப் பேரு வலது பக்கமா சுத்துனாங்க, அவங்களுக்கெல்லாம் அமாவாசைக்கு அப்புறம் தேய்பிறை வருது! பல்பப் பாத்து நின்னுட்டு இடது பக்கமாத் திரும்பணும், அப்பத்தான் வெளிச்சம் பந்தோட வலது பக்கத்துல பட்டு வளர்பிறை வரும். அடுத்த தடவைலேர்ந்து தரையில சாக்பீஸால அம்புக்குறி போட்டுட்டேன். ஒரு பையன் முடிஞ்சதும் வந்து, "புத்தகத்துல பிறை நட்டுக்க நிக்குது டீச்சர், எங்க வயல்லேர்ந்து பாத்தா படகு மாதிரி படுத்துல்ல இருக்கு"ன்னான். நம்ம ஊரு நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், சூரியனும் நிலாவும் ஏறக்குறைய நேரா கீழ எறங்குது, வெளிச்சம் அடியிலேர்ந்து படுது, அதனால மூணாம் பிறை படுத்துத்தான் இருக்கும். இத்தனை வருஷம் கரும்பலகையில நட்டுக்க வரைஞ்ச ஆளு நானு.

பிறை ஒரு வழியா வந்துடுச்சு, திரும்ப படம் போடச் சொன்னப்ப நிழல்னு போட்டவங்க நாலு பேருக்குக் கொறைஞ்சுட்டாங்க. ஆனா பௌர்ணமி எடத்துக்கு வரும்போது எல்லாரும் தானா கையத் தூக்குறாங்க, இல்லன்னா அவங்க தலை மறைச்சிடுது. "ஏன் தூக்குற?" "மறைக்குது டீச்சர்." "நிஜ நிலா அப்படித் தூக்கிக்குமா?" பதில் இல்ல. அந்தக் கையத் தூக்குறதுதான் அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில், எவ்வளவு தூக்கணும்னு காட்டத்தான் மூணாவது மாடல்.

இதுக்கு அளவு மாறாம செய்யணும்னு உக்காந்து கணக்குப் போட்டேன். 1 செமீக்கு 1000 கிமீன்னு வச்சுக்கிட்டா எல்லாம் கைக்கு அடங்குது. பூமியோட விட்டம் 12,742 கிமீ, அதாவது 12.7 செமீ, சுத்தளவு 40 செமீ. நிலா 3,474 கிமீ, அதாவது 3.5 செமீ. நடுவுல சராசரி 3,84,400 கிமீ, அதாவது 3 மீட்டர் 84 செமீ. இந்த எண்ணு வந்ததும் நானே ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன், ஏன்னா என் பரிசு மாடல்ல அந்த பூமி அளவுக்கு மூணு மீட்டர் வந்திருக்கணும், நான் வச்சிருந்தது 20 செமீ. வகுப்புல பந்தையும் உருண்டையும் கொடுத்து, "நிலா எவ்வளவு தூரத்துல இருக்கும், வைங்க"ன்னேன். அதிகமாப் போனது ஒரு மீட்டர், மத்ததெல்லாம் ரெண்டு சாண், மூணு சாண்தான்.

பூமிக்குப் பந்து தேடுனது தனிக் கூத்து. மொதல்ல காசு மிச்சம்னு பலூன் ஊதி மேல மைதாப் பசையில பேப்பர் ஒட்டுனேன், அஞ்சு அடுக்கு. பலூன் உருண்டை இல்ல, பேரிக்கா மாதிரி, குறுக்க 40ன்னா நெடுக்க 44 வருது. அது போகட்டும்னா ஐப்பசி அடைமழை, நாலு நாளாக் காயல, அஞ்சாம் நாள் பச்சையாப் பூஞ்சை, ஆறாம் நாள் எலி ஒரு கண்டத்தையே தின்னுட்டுப் போயிடுச்சு. கடைசியா டெய்லர் டேப்ப எடுத்துக்கிட்டு பொம்மைக் கடைக்குப் போயி ஒவ்வொரு பந்தா சுத்தி அளந்தேன், கடைக்காரர் என்ன நெனச்சாரோ, 39.5 செமீல ஒரு ரப்பர் பந்து கிடைச்சுது, 45 ரூபா. அரை செமீ போனாப் போகுது.

நூல்ல ஒரு சுலபம் இருக்கு. பூமிய நூலால ஒம்போதரை சுத்து சுத்தி அவுத்தா கிட்டத்தட்ட நிலா தூரம் வந்துடும், டேப்பே வேணாம். பசங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுது.

மொதல்ல வகுப்பறைக்குள்ளயே பல்பு வச்சுப் பாத்தேன், சரிவரல. பல்பு பக்கத்துல இருக்குறதால நிழல் போகப் போகப் பெருசாகுது, 3.84 மீட்டர்ல பந்து நிழல் செவுத்தையே மறைக்குது. பல்ப எங்க கொண்டுபோய் வைக்கிறது? இந்த அளவுக்கு சூரியன் 13.9 மீட்டர் உருண்டை, நாலு மாடி உயரம், அது ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி, எங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து கணக்குப் போட்டா ரைஸ்மில் பக்கத்துல வரும். ரெண்டு நாள் இத நெனச்சு மண்டைய ஒடைச்சுட்டு, மூணாவது நாள் வண்டியில வீட்டுக்குப் போகும்போது முன்னாடி போன ஆட்டோவோட நிழல் ரோட்டுல நீளமா விழுறதப் பாத்தேன். அட, சூரியனே இருக்கே! அளவெல்லாம் சரியா வச்சா நிஜ வெயில்ல நிழலும் தானா சரியா விழுந்துட்டுப் போகுது. வானத்துல சூரியன் அரை டிகிரி அகலம், அதனால பூமிப் பந்தோட அடர் நிழல் (நடுவுல முழுசா இருட்டா இருக்குற பாகம்) 3.84 மீட்டர் போறதுக்குள்ள 12.7லேர்ந்து 9 செமீக்குச் சுருங்கணும். நிஜத்துல பூமி நிழல் நிலாகிட்ட ஏறக்குறைய 9,000 கிமீதான். எதையும் நான் செட் பண்ண வேணாம்.

சொல்றதுக்கு சுலபமா இருக்கு. காலையில ஒம்போது மணிக்கு சூரியன் ஏறிடும், நிழல் தரையிலேயே விழுந்துடும், தூரம் கிடைக்காது. சாயங்காலம் நாலரைக்கு இந்த டிசம்பர்ல சூரியன் தொடுவானத்துலேர்ந்து 17 டிகிரி வாக்குல இருக்கு, அப்ப 3.84 மீட்டர் தள்ளி நிழல் 112 செமீ கீழ விழும். அதனால பூமிய வெங்காயம் வர்ற வலைப் பையில போட்டு மூங்கில்ல 190 செமீ உயரத்துல கட்டுனேன், நிலா 78 செமீல. முழுநிலா எடம்னா சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம், அதனால ஒரே கோட்டுல வரணும். கோடு பிடிக்கிறேன்னு நூல் வழியா யாரும் சூரியனப் பாத்துடக் கூடாதுன்னு மொதல்லயே கண்டிப்பா சொல்லிட்டேன், எல்லாரும் சூரியனுக்கு முதுகு காட்டித்தான் நிக்கணும், நிழல வெள்ளை சார்ட்டுல பிடிச்சா போதும்.

மொத முயற்சி நவம்பர் கடைசி. ரெண்டு மூங்கிலையும் மண்ணுல நட்டு, சரியா வச்சு, "எல்லாரும் வரிசையா வாங்க"ன்னு கூப்பிட்டு, வரிசை நேராகி, சண்டை தீந்து, மொத ஆளு வந்து பாக்கும்போது நிழல் நிலாவ விட்டு ஒரு சாண் தள்ளிப் போயிடுச்சு. அளந்து பாத்தா நிமிஷத்துக்கு ஒண்ணரை செமீ நகருது. 9 செமீ நிழல் ஆறு நிமிஷத்துல காலி. நட்ட மூங்கிலத் திரும்பப் பிடுங்கி நடுறதுக்குள்ள மேகம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் மழை, வெயிலே இல்ல, ஹெச்.எம். தினம் "நிலா எப்பம்மா உதிக்கும்?"னு கேட்டுட்டுப் போவார்.

செவ்வாக்கெழம வெயில் வந்துச்சு. இந்தத் தடவ பூமிய மட்டும் நட்டோம், நிலாவ ஒரு பொண்ணு கையில கொடுத்தேன், செப்டம்பர்ல கேள்வி கேட்ட அதே பொண்ணு. இன்னொருத்தர் வெள்ளை சார்ட்டப் பிடிச்சு நிழலத் தேடிச் சொல்ல, அந்த எடத்துக்கு நிலாவக் கொண்டுபோறது. அடர் நிழல ஸ்கேல்ல அளந்தாங்க, ஆளுக்கொரு எண்ணு, எட்டரைலேர்ந்து ஒம்போதரை வரைக்கும். ஓரம் கூர்மையா இல்ல, மங்கலா விரிஞ்சு போகுது, எங்க முடியுதுன்னே ரெண்டு பேருக்குச் சண்டை. நிலா உள்ள போனப்ப யாரும் சத்தமே போடல.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. நிலாவோட பாதை நம்ம பாதைக்கு அஞ்சு டிகிரி சாஞ்சிருக்கு, 3.84 மீட்டர்ல அது 34 செமீ. ஒரு மூங்கில் பட்டையில நடுவுலேர்ந்து மேல 34, கீழ 34ன்னு சிவப்பு பெயின்ட்ல கோடு போட்டு நிழல் நடுவுல நிறுத்துனேன். மொத்தம் 68 செமீ உயரத்துக்கு நிலா மேலயும் கீழயும் போகலாம், நடுவுல 9 செமீதான் இருட்டு. பௌர்ணமி அன்னைக்கு நிலா அந்தப் பட்டையில எங்க வேணா இருக்கலாம். அந்தப் பொண்ணு நிலாவ மேல ஒரு தடவ, கீழ ஒரு தடவ வச்சுப் பாத்துட்டு, "தப்பிச்சுப் போயிடுது டீச்சர்"ன்னுச்சு. அந்தப் பாதை ரெண்டு எடத்துல நம்ம பாதைய வெட்டும், பஞ்சாங்கத்துல ராகு கேதுன்னு போடுறது அந்த ரெண்டு வெட்டுப் புள்ளியத்தான்னு சொன்னதும் ஒருத்தன், "அப்ப பாட்டி சொன்னது பாதி சரி"ன்னான். பாம்பு மட்டும்தான் இல்ல.

சூரிய கிரகணத்துக்கு நிலாவ சூரியன் பக்கம் தூக்கி, பூமியக் கீழ வச்சுப் பாத்தோம், அது அவ்வளவா எடுபடல. 3.5 செமீ உருண்டையோட அடர் நிழல் 3.84 மீட்டர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சு போகுது, பந்து மேல லேசா ஒரு அழுக்கு மாதிரிதான் தெரிஞ்சுது. "நிழலே இல்ல டீச்சர்". அது மாடலோட தப்பு இல்ல. 2019 டிசம்பர் 26 காலையில கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையமாத் தெரிஞ்சது இதனாலதான், அன்னைக்கு நிழல் முனை தரையத் தொடல. ஆனா ஏழாவது பசங்களுக்கு இந்த அழுக்க வச்சு விளக்க எனக்கு இன்னும் வழி தெரியல.

செலவு ரெண்டாவது மாடலுக்கு பல்பு 90, ஹோல்டர் ஒயர் 60, குச்சி 50, சுண்ணாம்பு 15, வீணாப் போன டேபிள் டென்னிஸ் பந்து தனி. மூணாவதுக்கு பந்து 45, நூல் 25, சார்ட் 10, மைதாவும் பலூனும் 30, மூங்கில் வேலியிலேர்ந்து. எல்லாம் சேத்தாலும் மோட்டார் மாடல்ல பாதி கூட வரல.

அடுத்த தடவ இத ஜனவரி, பிப்ரவரிலதான் செய்வேன், கார்த்திகை மார்கழி மழைக்காலத்த நம்பி டெல்டாவுல வெயில் பாடம் வைக்கக் கூடாது. பூமிப் பந்துக்கு வலைப் பை வேணாம், முடிச்சு நிழல்ல துருத்திக்கிட்டுத் தெரியுது, அடியில தேங்காச் சிரட்டை வச்சு உக்கார வச்சுப் பாக்கணும். மோட்டார் மாடலத் தூக்கிப் போடல, ஸ்போக்க ரெண்டு மடங்கு நீட்டி சாய்ச்சு வைக்க முடியுமான்னு எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு இருக்கார், எனக்கு நம்பிக்கை இல்ல. 2026 மார்ச் 3 சாயங்காலம் நிலா உதிக்கும்போதே கிரகணத்தோட வரும், ஆறே முக்கால் வாக்குல விட்டுடும், கிழக்க மறைப்பு இல்லாத எடம் வேணும், குளத்துக் கரைதான் சரியா இருக்கும்னு பசங்க ஏற்கெனவே பாத்து வச்சுட்டாங்க.

நிலாங்கதான் போச்சு. செவ்வாக்கெழம சந்தோஷத்துல தட்டோட திண்ணையிலயே விட்டுட்டு வந்துட்டேன், ராத்திரி சாரல் அடிச்சு, சுடாத களிமண்ணு, 34ல 11தான் மிச்சம். மிச்சத்த இந்த வாரம் குயவர் சூளையில வச்சுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன்.